கொல்லிமலையிலிருந்து இறங்கிய அலுமினியம்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். மேலே போனதும் பலா, மிளகு, காப்பி. சாமையும் தினையும் விளையும் மேட்டு நிலங்கள். அறப்பளீஸ்வரர் கோயில், அதன் அருகே ஓடும் அய்யாறு, அந்த ஆறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை. வல்வில் ஓரியின் மலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். இந்த மலையின் தலையில் அலுமினியம் இருந்தது என்பதும், அது பல ஆண்டுகள் லாரி லாரியாக இறங்கிப் போனது என்பதும் வெளியூர்க்காரர்களில் அதிகம் பேருக்குத் தெரியாது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட் என்ற மிகப் பழமையான கடும்பாறை. வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கினால் எப்பேர்ப்பட்ட பாறையும் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மக்கிப்போகும். சோடியத்தையும் கால்சியத்தையும் மழைநீர் முதலில் கரைத்துக்கொண்டு போகிறது; பிறகு சிலிக்காவும் மெல்லப் போகிறது. கரைய மறுத்து நிற்பவை அலுமினியத்தின் ஆக்சைடும் இரும்பின் ஆக்சைடும். சரிவுகளில் இந்த மிச்சம் அரித்துப் போய்விடும். தட்டையான உச்சிகளில் மட்டும் தங்கும். செம்பழுப்பும் வெளிர்மஞ்சளுமாக, துளைகள் நிறைந்த அந்தக் கல்தான் பாக்சைட். துளைகள் இருப்பதால் அது மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும்; மழை ஓய்ந்த மாதங்களில் கீழே உள்ள ஊற்றுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். உலோகம் இருக்கும் அடுக்கும் நீர் இருக்கும் அடுக்கும் ஒன்றே. கிழக்குத் தொடர்ச்சி மலை பாக்சைட்டின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. ஒடிசாவின் நியமகிரியில் 2013-ஆம் ஆண்டு 12 கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று ஒருமனதாக மறுத்தபோது, மலைத் தெய்வத்தோடு ஓடைகளையும் ஊற்றுகளையும் சேர்த்தே பேசினார்கள்.

கொல்லிமலையில் இரும்பும் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த கிங், புரூஸ் ஃபூட் இருவரும் 1860-களில் பழைய சேலம் மாவட்டத்தின் மாக்னடைட் இரும்புப் படுகைகளை வகைப்படுத்தியபோது, கஞ்சமலை, தீர்த்தமலை, கோதுமலை ஆகியவற்றோடு தலைமலை–கொல்லிமலை வரிசையையும் குறித்தார்கள். நவீன உலகம் அதிகம் பயன்படுத்தும் இரண்டு உலோகங்களின் தாதுக்களும் ஒரே மலையில் இருப்பதால், அவற்றை மறுபடி உருக்கிப் பயன்படுத்துவதால் என்ன மிஞ்சுகிறது என்று கணக்குப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

முதலில் அலுமினியம். மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, 1960-களில் மேட்டூரில் உருவானது. தாது ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் இருக்க, ஆலை ஏன் மேட்டூரில்? மின்சாரம்தான் காரணம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் புனல் மின்சாரம் அங்கே இருந்தது. அலுமினிய ஆலைகள் பெரும்பாலும் தாதுவுக்குப் பக்கத்தில் அமைவதில்லை. மின்சாரம் எங்கே தாராளமாகக் கிடைக்கிறதோ அங்கே தாது பயணம் செய்யும். கொல்லிமலைக் கல்லும் அப்படித்தான் மலையை விட்டு இறங்கி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் சாலையில் போனது.

அங்கே அதற்கு நடந்தது இரண்டு கட்ட வேலை. அரைத்த பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் அழுத்தத்தில் வேகவைப்பார்கள். அலுமினியப் பகுதி கரைந்துவிடும்; இரும்பு முதலானவை கரையாமல் சிவப்புச் சேறாக ஒதுங்கும். கரைசலிலிருந்து வெள்ளைப் பொடியாக அலுமினாவைப் பிரிப்பார்கள். கார்ல் யோசப் பேயர் 1880-களின் இறுதியில் கண்டுபிடித்த இந்த முறைதான் இன்றும் உலகெங்கும் நடக்கிறது. அடுத்த கட்டம் மின்பகுப்பு. உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து, சுமார் 960 டிகிரி செல்சியஸில், கரித்துண்டங்கள் வழியாக மின்சாரம் பாய்ச்சுவது. அலுமினியத்தை இறுகப் பிடித்திருக்கும் ஆக்சிஜனைக் கரி வாங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். தொட்டியின் அடியில் உலோகம் தேங்கும். அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் 1886-இல் தனித்தனியே கண்டுபிடித்த வழி இது.

ஒரு டன் உலோகத்துக்கு ஏறத்தாழ 4 முதல் 5 டன் பாக்சைட் வேண்டும். அது 2 டன் அலுமினாவாகச் சுருங்கி, பிறகு 1 டன் அலுமினியமாகும். கரித்துண்டங்களில் 400 கிலோவுக்கும் மேல் எரிந்து தீரும். மின்பகுப்புக்கு மட்டும் 13,000 முதல் 15,000 யூனிட் மின்சாரம். கிலோவுக்கு 14 யூனிட் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைக் கொண்டு 7 கிலோ அலுமினியம்தான் எடுக்கலாம். கல்யாண வீட்டில் சோறு வடிக்கும் பெரிய அன்னக்கூடைகள் இரண்டு மூன்றுக்கு அது சரியாகப் போய்விடும்.

ஒதுங்கிய சிவப்புச் சேறு என்ன ஆகும்? ஒரு டன் அலுமினாவுக்கு ஒரு டன்னுக்குக் குறையாமல் அது மிஞ்சும். காரத்தன்மை மிகுந்தது. கொட்டிவைக்க ஏரி போன்ற பெரிய தேக்கம் தேவை. மேட்டூரிலும் அப்படி ஒன்று உருவானது. இத்தகைய தேக்கம் உடைந்தால் என்ன நடக்கும் என்பதை ஹங்கேரியின் அய்கா நகரத்துக்குப் பக்கத்தில் 2010 அக்டோபர் 4-ஆம் தேதி உலகம் பார்த்தது. கரை உடைந்து, இலட்சக்கணக்கான கன மீட்டர் சேறு ஊர்களுக்குள் புகுந்தது. 10 பேர் இறந்தார்கள். தோலில் பட்டவர்களுக்குக் காரப் புண்கள். அருகிலிருந்த மார்ட்சல் ஆற்றில் உயிர் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

கொல்லிமலையில் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதி குறித்து எழுந்த எதிர்ப்புகளுக்குப் பிறகு, 2008-இல் பாக்சைட் எடுப்பது நின்றது. அதே ஆண்டு மேட்டூரின் அலுமினிய உலையும் நின்றது. ஆனால் அதற்குள் மலையிலிருந்து இறங்கியது இறங்கியதுதான். அந்த அலுமினியம் இப்போது எங்கே? உலகில் இதுவரை எடுக்கப்பட்ட அலுமினியத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் ஏதோ ஒரு வடிவில் புழக்கத்தில் இருப்பதாக இத்துறையினரின் மதிப்பீடு. கம்பியாக, ஜன்னல் சட்டமாக, குண்டானாக, இன்ஜின் உறையாக. மலை ஒருமுறை கொடுத்துவிட்ட விலை அந்த உலோகத்துக்குள் அடங்கியிருக்கிறது. குப்பையில் எறிந்தால் அந்த விலை வீண். புதிதாக வேண்டும்போது இன்னொரு மலை அதே விலையை மறுபடி கொடுக்க வேண்டும்.

மறுசுழற்சியின் இலாபம் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கான காரணம் வேதியியலில் இருக்கிறது. தாதுவிலிருந்து உலோகம் எடுப்பது என்றால் ஆக்சிஜனைப் பிரிப்பது. செலவு முழுவதும் அந்தப் பிரிவினைக்குத்தான். பழைய குண்டானில் ஆக்சிஜன் ஏற்கெனவே பிரிக்கப்பட்டுவிட்டது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மட்டும் ஒட்டியிருக்கிறது. எனவே அதை உருக்கினால் போதும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். தாதுவிலிருந்து எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் இதற்கு ஆகும். நிலக்கரி மின்சாரத்தை நம்பியிருக்கும் இந்தியாவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை: ஒரு டன் புது அலுமினியத்துக்கு 15 டன்னுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேற, பழையதை உருக்கினால் ஒரு டன்னுக்கும் குறைவு. கல்லை வெட்டுவது இல்லை, காஸ்டிக் சோடா இல்லை, சிவப்புச் சேறும் இல்லை.

எஃகின் கதை இவ்வளவு நாடகமானது அல்ல. ஆனால் அளவு மிகப் பெரிது. உலகம் ஆண்டுக்கு 180 கோடி டன்னுக்கும் மேல் எஃகு செய்கிறது. மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 விழுக்காடு அங்கிருந்து வருகிறது. ஊது உலையில் இரும்புத் தாதுவின் ஆக்சிஜனைப் பிரிப்பது நிலக்கரியிலிருந்து எடுத்த கல்கரி. பழைய இரும்பை மின்வில் உலையிலோ தூண்டல் உலையிலோ உருக்கினால் கல்கரியே வேண்டியதில்லை. ஒரு டன் பழைய இரும்பைப் பயன்படுத்தினால் 1.4 டன் இரும்புத் தாதுவும், 740 கிலோ நிலக்கரியும், 120 கிலோ சுண்ணாம்புக் கல்லும் மிச்சம் என்று உலக எஃகு சங்கம் கணக்கிடுகிறது. காற்றில் கலக்காமல் போவது சுமார் 1.5 டன் கார்பன் டை ஆக்சைடு.

இரும்புக்குக் கரி கொடுத்து ஓய்ந்த காடுகளின் வரலாறு சேலத்துத் தாதுவின் கதையிலேயே இருக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நிறுவினார். சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து மரக்கரியில் உருக்கினார்கள். தாதுவின் தரத்தைக் குறைசொல்ல யாருக்கும் வாய்ப்பில்லை; கரிதான் கிடைக்கவில்லை. உலையின் பசிக்கு ஈடுகொடுக்க மரம் இன்றி, மேலும் மேலும் தொலைவிலிருந்து கரி வரவேண்டியதாயிற்று. ஆலை நொடித்துப்போனதற்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. அந்நாளில் காடு தீர்ந்தது. இந்நாளில் அந்த இடத்தில் நிலக்கரியும் வளிமண்டலமும் நிற்கின்றன.

கொல்லிமலை அடிவாரத்து நாமக்கல் இரும்பால் வாழும் ஊர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர் லாரிகள்; சற்றுத் தள்ளி, நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகளின் திருச்செங்கோடு. வெட்டு, வளைவு, வெல்டிங் என்று பட்டறைத் தரையில் சிதறும் துண்டுகூட வீணாவதில்லை. கூட்டி அள்ளி எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஓடி ஓய்ந்த லாரிக்கும் இப்படி ஒரு மறுவாழ்வு உண்டு. அதில் மிக அழகானது உலைக்கே போகாத ஒன்று. லாரியின் பின் சக்கரத்துக்கு மேல் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் பட்டை, நல்ல வில்லெஃகு. கொல்லன் அதைத் துண்டாக வெட்டி, துருத்தியின் முன் ஆரஞ்சு நிறம் வரும்வரை பழுக்கவைத்து, சம்மட்டியால் அடித்து விரிப்பார். மூக்கை வளைப்பார். வாய்ப்பக்கத்தை மட்டும் மறுபடி சூடாக்கி நீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார். சுரீரென்ற ஓசையோடு வாய் கடினமாகும், முதுகு வளைந்துகொடுக்கும் தன்மையிலேயே இருக்கும். பத்து இருபது ஆண்டு பாரம் சுமந்த பட்டை அரிவாளாகிவிடுகிறது. உருக்கவும் இல்லை, புதிதாகக் கார்பன் சேர்க்கவும் இல்லை. ஆற்றல் கணக்கில் இதை வெல்ல எந்த நவீன உலையாலும் முடியாது.

பழைய பொருள்கள் மலையிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்து சேரும் இடம் பழைய இரும்புக் கடை. பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தந்த தலைமுறை போய், டிவிஎஸ் 50-இல் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிற தலைமுறை நடக்கிறது. கடையில் முதல் வேலை காந்தம். ஒட்டினால் இரும்பு. ஒட்டாததை அதன் பிறகுதான் கண்ணாலும் கையாலும் பிரிக்க வேண்டும். குக்கர் வந்தால் பேக்லைட் கைப்பிடியையும் திருகாணிகளையும் கழற்றுவார்கள். குண்டானுக்கு இரும்புக் காது இருந்தால், உளியை வைத்து ரிவெட்டின் தலையைத் தட்டி எடுத்துவிட்டுத்தான் எடைபோடுவார்கள். தகட்டு அலுமினியம் ஒரு குவியல், வார்ப்பு அலுமினியம் வேறு குவியல், மின்கம்பி தனி. மூன்றுக்கும் மூன்று விலை. அடித்தால் வளைவது தகடு, உடைவது வார்ப்பு. வார்ப்பில் சிலிக்கான் அதிகம், அதனால் உடையும். உலோகவியல் வகுப்பில் படிக்காதவர்களின் கையில் இந்த அறிவு தினசரி புழங்குகிறது. நாட்டின் சுற்றுச்சூழல் கணக்கில் இவர்களின் உழைப்பு எங்கும் எழுதப்படுவதில்லை என்பது பெரிய குறை.

ரிவெட்டைத் தட்டி எடுப்பது அற்ப வேலையாகத் தோன்றலாம். உலைக்குள் போனால் அதன் அருமை தெரியும். உருகிய அலுமினியத்தில் இரும்பு கரைந்துவிட்டால், அதைத் திரும்பப் பிரிக்கச் சிக்கனமான வழி கிடையாது. அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மேல் உள்ள பற்று இரும்பைவிட அதிகம் என்பதால், ஊதி எரித்து இரும்பை மட்டும் வெளியேற்ற முடியாது. அலுமினியம்தான் முதலில் எரியும். கரைந்த இரும்பு ஊசி போன்ற படிகங்களாக உறைந்து, வார்ப்பை நொறுங்க வைக்கும். எஃகுக்கு இதேபோன்ற எதிரி செம்பு. பழைய வண்டியின் மோட்டாரும் வயரிங்கும் இரும்போடு சேர்ந்து உருகினால், 0.2 விழுக்காட்டை ஒட்டிய செம்பே போதும். சூடாக உருட்டித் தகடாக்கும்போது மேற்பரப்பில் விரிசல் விடும். அப்படிப்பட்ட எஃகு கட்டடக் கம்பிக்கு ஆகும், கார் கதவின் மெல்லிய தகட்டுக்கு ஆகாது.

இதனால்தான் பல நேரம் மறுசுழற்சி கீழ்நோக்கி இறங்குகிறது. ஜன்னல் சட்டமும் பால் கேனும் கலந்து உருகி, சிலிக்கான் சேர்த்த வார்ப்பாகி, பைக் இன்ஜினின் உறையாகிறது. இன்ஜின் உறைக்குத் தேவை இருக்கும்வரை கவலை இல்லை; மின்சார வண்டிகள் பெருகும்போது இத்தகைய கலப்பு வார்ப்புக்கு இடம் குறையும். ஒரே வகையாகச் சேர்த்தால் நிலைமையே வேறு. பிரேசிலில் அலுமினிய பானக் குவளைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பி வருகின்றன. குவளை குவளையாகவே மறுபிறவி எடுக்க 60 நாள் போதும்.

கவனமின்றிச் செய்தால் உடம்புக்கும் கேடு. செம்பெடுக்க வயரை எரிக்கும் புகையில் டையாக்சின் இருக்கிறது. அலுமினியத்தை உருக்கும்போது மேலே மிதக்கும் கசடு மழையில் நனைந்தால் அம்மோனியா நெடி கிளம்பும். கேமரூனில் கழிவு உலோகத்தை வார்த்துச் செய்த சமையல் பாத்திரங்களைச் சோதித்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. சமைக்கும்போது காரீயம் கசியக்கூடும் என்பது அதில் தெரிந்தது. கலந்துகிடந்த பேட்டரித் துண்டும் ரேடியேட்டரும் பாத்திரத்துக்குள் போய்விடுகின்றன. டெல்லி மாயாபுரியில் 2010 ஏப்ரலில் நடந்தது இன்னும் கொடுமை. பல்கலைக்கழகத்தில் பயனின்றிக் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் பிரித்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தார், பலர் நோயில் விழுந்தார்கள். கருவியைக் கழித்துக் கட்டியவர்கள் செய்ய வேண்டிய சோதனையை, கையுறைகூட இல்லாத தொழிலாளியின் உடம்பு செய்தது.

பழைய உலோகம் மட்டுமே எல்லாத் தேவைக்கும் போதுமா? இப்போதைக்குப் போதாது. வீட்டுக் கான்கிரீட்டுக்குள் போன கம்பி ஐம்பது ஆண்டானாலும் வெளியே வராது. இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ எஃகுதான் செலவாகிறது. உலகச் சராசரி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பாலமும் ரயிலும் மின்கோபுரமும் இன்னும் கட்ட வேண்டியிருக்கிற நாட்டில், முன்பு கட்டியதிலிருந்து திரும்பி வருவது குறைவாகவே இருக்கும். அதனால்தான் இந்தியா பழைய இரும்பையும் பழைய அலுமினியத்தையும் வெளிநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வாங்குகிறது. இந்த நிலையில் உள்ளூரில் கிடைக்கும் ஒவ்வொரு டன்னையும் எவ்வளவு தூய்மையாகத் திரும்ப எடுக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

மத்திய அரசு 2019-இல் பழைய இரும்பு மறுசுழற்சிக் கொள்கையையும், 2021-இல் பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையையும் அறிவித்தது. 15 ஆண்டைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகிறது. பதிவுபெற்ற உடைப்பு மையங்களில் எண்ணெயையும் பேட்டரியையும் வயரிங்கையும் முதலில் எடுத்துவிட்டுத்தான் வண்டியைப் பிரிக்க வேண்டும் என்பது விதி. செம்பு எஃகுக்குள் போகாமல் தடுப்பதும், ஆசிட் மண்ணுக்குள் போகாமல் தடுப்பதும் இந்த ஒரே வேலைதான். நாமக்கல் போன்ற ஊருக்கு இதில் இயல்பான தகுதி இருக்கிறது. ஒரு லாரியை எந்த போல்ட்டில் தொடங்கிக் கட்ட வேண்டும் என்று தெரிந்த கைகளுக்கு, அதை எந்த போல்ட்டில் தொடங்கிப் பிரிக்க வேண்டும் என்பதும் தெரியும். அவர்களுக்கு வேண்டியது பிரித்ததற்கு ஏற்ற விலை. இரும்பும் செம்பும் கலந்த குவியலுக்கும், வயர் முழுக்க நீக்கிய சுத்தமான இரும்புக்கும் உலைக்காரர் தரும் விலையில் தெளிவான வேறுபாடு இருந்தால்தான், மாலைவரை உட்கார்ந்து ஒவ்வொரு வயராக உருவி எடுப்பவருக்குக் கூலி கட்டுப்படியாகும்.